பீப்பாய் ஆலைக்குள் பந்து விளையாடியவர்கள்



கைவிடப்பட்ட ஆலைகளைக் கலைக்கூடங்களாக மாற்றுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் வழக்கமாக லண்டனிலிருந்துதான் தொடங்குவார்கள். தேம்ஸ் கரையில் 1981இல் மின் உற்பத்தியை நிறுத்திய பேங்க்சைடு மின்நிலையம், 2000ஆம் ஆண்டு மே மாதம் டேட் மாடர்ன் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்த ஒற்றைப் புகைபோக்கியின் படத்தைத் திரையில் போட்டதுமே அவை நிமிர்ந்து உட்காரும். சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது, நாட்டின் ஓவியச் சேகரிப்புக்குக் கூரை தேடிப் போனவர்கள் கண்டெடுத்த கட்டடம். அக்கம்பக்கத்து மக்கள் புழங்கும் கலைவெளியைப் பற்றிப் பேசுவதானால் வேறு ஊரில் தொடங்க வேண்டும். அதனால் இன்றைய உரை பிரேசிலுக்குப் போகிறது.

சொல்ல வந்த கருத்து ஒன்றே. ஆலையை மூடியதும் அது 'காலி இடம்' ஆகிவிட்டதாக வரைபடங்கள் காட்டும். நேரில் போனால் நிலைமை பெரும்பாலும் வேறு. சுவர் இடிந்த பக்கமாகப் பையன்கள் நுழைகிறார்கள், ஒரு குழு ஒத்திகை பார்க்கிறது, யாரோ துணி காயப்போடுகிறார்கள். பொறியாளரும் ஓவியரும் அதிகாரியும் வந்து சேரும் முன்பே அங்கே ஒரு புழக்கம் இருக்கிறது. திட்டத்தின் முதல் வரைபடம் அந்தப் புழக்கம்தான். அதை வெளியே தள்ளாமல் கட்டடத்தைச் சீர்செய்த இடங்களில் கலைவெளி நிலைத்தது. தள்ளிவிட்ட இடங்களில் ஊருக்கு நல்ல காபிக் கடை ஒன்று கிடைத்தது. ஐந்து குறிப்புகளாக இதைப் பார்க்கலாம். ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்காது, பொறுத்தருள வேண்டும்.

1. மழையில் ஆடிய பந்து

சாவோ பாலோ நகரின் மேற்கே வில்லா பொம்பேயா என்று ஒரு பகுதி. 1930களின் கடைசியில் மவ்சர் என்ற ஜெர்மன் நிறுவனம் அங்கே இரும்புப் பீப்பாய் செய்யும் ஆலையைக் கட்டியது. நம் ஊரில் டிரம் என்கிறோமே, அதுதான். 1945இல் ஆலை கைமாறியது. புதிய முதலாளிகள் பீப்பாய்களோடு, கெலோமாட்டிக் என்ற பெயரில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பதனப் பெட்டிகளையும் செய்தார்கள். செங்கல் சுவர், கான்கிரீட் சட்டகம், ஓட்டுக் கூரை. வரிசையாக நிற்கும் கொட்டகைகளுக்கு நடுவே கல் பாவிய ஒரு தெரு. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் ஆலைகளை ஒட்டிய அமைப்பு அது.

1971இல் இந்த இடத்தைச் செஸ்க் வாங்கியது. வணிகத் துறை ஊழியர்களின் நலனுக்காக 1946இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. கடைச் சிப்பந்தியும் கணக்கெழுதுபவரும் ஓய்வு நேரத்தில் நீந்தவும், நாடகம் பார்க்கவும், பல் வைத்தியம் செய்துகொள்ளவும் வழி செய்து தருவது அதன் வேலை. பழையதை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்புவதுதான் முதல் எண்ணம். அந்த வேலை தொடங்கும் வரை கொட்டகைகளைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். யாரும் பெரிதாக யோசித்துச் செய்த காரியமாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கதையில் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1976இல் லீனா போ பார்தியை அழைத்தார்கள். 1914இல் ரோம் நகரில் பிறந்து, போர் முடிந்த கையோடு 1946இல் பிரேசிலுக்கு வந்தவர். சாவோ பாலோ கலை அருங்காட்சியகத்தை நான்கு தூண்களில் தெருவுக்கு மேலே தூக்கி நிறுத்தியவர்; அது 1968இல் திறக்கப்பட்டது. பழைய கட்டடங்களோடு மல்லுக்கட்டியதிலும் அவருக்கு அனுபவம் உண்டு. சல்வடோர் நகரின் கடலோரத்தில் இருந்த பழைய காலனியக் கட்டடத் தொகுதி ஒன்றை நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமாக மாற்றி 1963இல் திறந்தார். அடுத்த ஆண்டே ராணுவ ஆட்சி வந்தது, அவர் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

பொம்பேயா ஆலைக்கு முதல்முறை போனபோது ஆலையில் ஆள் இல்லை. கட்டடக் கலைஞர் பார்க்க வேண்டியதை அவர் பார்த்தார். மெலிந்த கான்கிரீட் சட்டகம், பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரான்சுவா என்னெபீக் வகுத்த முறையை ஒட்டியது என்று கண்டுகொண்டார். இதை இடிக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

இரண்டாம் முறை போனது ஒரு சனிக்கிழமை. அன்று கண்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தைகள் ஓடுகிறார்கள். உடைந்த ஓடுகள் வழியே மழை உள்ளே கொட்டுகிறது. தேங்கிய தண்ணீரில் பந்தை உதைத்து, வாரியடித்து, சிரித்துக்கொண்டு இளைஞர்கள் ஆடுகிறார்கள். கிளேலியா தெரு வாசலில் தாய்மார்கள் இறைச்சி சுட்டு ரொட்டிக்குள் வைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பொம்மலாட்டம். சுற்றிலும் குழந்தைகள் கூட்டம். இந்த மகிழ்ச்சி அப்படியே தொடர வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லும் லீனா, அதன் பிறகு பல சனி, ஞாயிறுகள் அங்கே போய்க்கொண்டிருந்தார். போனது, இந்தப் புழக்கம் எப்படி நடக்கிறது என்று கவனிக்க.

கட்டடக்கலை மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். என்னெபீக்கின் சட்டகத்தைப் பார்த்தபோது அவர் முடிவு செய்தது கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை. பந்து விளையாடியவர்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தது, அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை. முதல் முடிவை எடுக்கும் கட்டடக் கலைஞர்கள் பலர் உண்டு. இரண்டாவதை எடுக்கச் சனிக்கிழமை போக வேண்டும்.

1977 முதல் லீனாவும், ஆந்த்ரே வைனர், மார்செலோ ஃபெராஸ் என்ற இரண்டு இளைஞர்களும் ஆலைக்குள்ளேயே அலுவலகம் போட்டுக்கொண்டார்கள். காலையில் வரைந்ததைக் கொத்தனாரிடமும் தச்சரிடமும் காட்டி, அன்றே மாற்றிக்கொள்ள முடிந்தது.

2. எதை உரிப்பது, எதை விடுவது

சுவர்ப் பூச்சை மணல் பீய்ச்சி உரித்தார்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் வெளியே தெரிந்தன. கூரையில் ஓடுகளுக்கு இடையே கண்ணாடி ஓடுகளைப் பொருத்தி வெளிச்சம் இறக்கினார்கள். நடுத்தெருவின் கற்களை வைத்துக்கொண்டார்கள். ஓரத்து மழைநீர்க் கால்வாய்களை மூடாமல், ஆற்றுக் கூழாங்கல் பரப்பித் திறந்தே விட்டார்கள். மழை பெய்தால் அந்தக் கற்களின் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும். ஒழுகிய கூரையை அடைத்தவர், மழையைத் தெருவுக்கு மாற்றி விட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே ஒரு சங்கடத்தைப் பேசியாக வேண்டும். பழைய ஆலை அழகாகப் படமெடுக்கும். துருவும் செங்கல்லும் இன்று உலகம் முழுவதும் ஒரு பாணி. பெய்ஜிங்கின் 798 கலை வட்டாரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். கிழக்கு ஜெர்மானியர் வடிவமைத்து 1950களில் கட்டிய மின்னணுச் சாதன ஆலை அது. வில்வளைவுக் கூரையில் மாவோ காலத்து முழக்கங்கள் சிவப்பு எழுத்தில் அழிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றின் கீழே ஓவியக் கண்காட்சி நடக்கிறது, கார் நிறுவனங்கள் புது மாடலை அறிமுகம் செய்கின்றன. அந்த எழுத்துக்குக் கீழே நின்று வேலை செய்தவர்களின் வாழ்க்கை அதில் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

நம் பெரம்பூருக்கும் இது பொருந்தும். பின்னி ஆலை என்று நாம் சொல்லும் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஓடியாடி உருவாக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. மேடை மேடையாகப் பேசினார். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். 1996இல் ஆலை மூடப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அந்தச் சுவர்களை நாம் பார்த்தது சினிமாவில், பெரும்பாலும் சண்டைக் காட்சிகளில். கதாநாயகன் அடித்த அடியில் வில்லன் ஆட்கள் பறந்துபோய் விழுவதற்கு அந்தக் கூடங்கள் வசதியாக இருந்தன. பிறகு நிலம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனது. ஒரு நூற்றாண்டின் உழைப்பு, பின்னணிக் காட்சியாக முடிந்தது.

லீனா இந்தச் சங்கடத்துக்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. பழைய இயந்திரங்களை மேடையேற்றிக் காட்சிப்பொருளாக்கவில்லை. கைவேலையையே திரும்பக் கொண்டுவந்தார். ஒரு கொட்டகையில் தாழ்வான கான்கிரீட் கல் தடுப்புகளை எழுப்பி, மட்பாண்டம், மரவேலை, நெசவு, அச்சு, புகைப்படம் ஆகியவற்றுக்குப் பட்டறைகள் அமைத்தார். தடுப்புக் கற்களுக்கு இடையே பிதுங்கிய சாந்தைக்கூட வழித்தெடுக்கவில்லை. தடுப்புகள் கூரை வரை போகாததால், மரம் இழைக்கும் சத்தம் பானை வனைபவருக்குக் கேட்கும். அந்த இடத்துக்கு அவர் வரைந்த சின்னமும் இதே மனப்போக்கில் அமைந்தது: ஆலைக் கோபுரம், அதன் வாயிலிருந்து புகைக்குப் பதிலாகப் பூக்கள்.

3. சும்மா உட்கார ஓர் இடம்

கலைக்கூடம் என்றதும் நாம் நிகழ்ச்சி நிரலைத்தான் யோசிக்கிறோம். இன்றைக்கு என்ன, எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு? நிகழ்ச்சி இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. பொம்பேயாவின் சிறப்பு அந்த மூன்று மணியில்தான் இருக்கிறது.

கிளேலியா தெருவிலிருந்து உள்ளே நடந்தால் தடுப்பவர் இல்லை. ஆலையின் நடுத்தெரு ஊர்த் தெருவின் தொடர்ச்சியாகவே உள்ளே போகிறது. பெரிய பொதுக்கூடத்துக்குள் நுழைந்தால், தரையில் வளைந்து வளைந்து ஒரு ஆழமில்லாத நீரோடை. பிரேசிலின் வடகிழக்கில் ஓடும் சாவோ ஃபிரான்சிஸ்கோ நதியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சாவோ பாலோவின் ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் அந்த வடகிழக்கிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் என்பதை அறிந்தால், பெயரின் பொருள் கூடுதலாக விளங்கும். ஓடைக்கு அருகே திறந்த கணப்பு அடுப்பு; குளிர் மாதங்களில் உண்மையாகவே விறகு எரியும். கான்கிரீட் மேடைகளில் நூலகம். ஒருவர் செய்தித்தாள் படிப்பார், ஒருவர் சதுரங்கம் ஆடுவார், ஒருவர் தூங்குவார். தூங்குபவரை எழுப்புவதில்லை.

அரங்கம் இன்னொரு வேடிக்கை. மேடை நடுவில், பார்வையாளர் இரு புறமும். இருக்கைகள் மரப்பலகை, மெத்தை கிடையாது. முதுகு வலிக்கிறது என்று புகார் வந்தபோது, பழங்காலக் கல் அரங்குகளில் மெத்தையா இருந்தது என்று லீனா வாதாடினார். இந்த வாதம் எனக்கு முழுக்க ஏற்புடையதில்லை. மூன்று மணி நேர நாடகத்தில் வயதானவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் வசதியான இருக்கையில் அமிழ்ந்துபோகாமல் நாடகத்தோடு மல்லுக்கு நிற்கும் பார்வையாளரை அவர் விரும்பினார் என்பது புரிகிறது.

விளையாட்டுக்கு இடம் கண்டுபிடித்த கதை தனி. நிலத்துக்கு அடியில் ஆகுவாஸ் ப்ரெட்டாஸ் என்ற ஓடை குழாய்க்குள் ஓடுகிறது. அதன் மேல் கட்டக்கூடாது என்பது சட்டம். மிஞ்சியவை ஓடைக்கு இரு பக்கமும் இரண்டு துண்டு நிலம். லீனா இரண்டிலும் இரண்டு கான்கிரீட் கோபுரங்களை எழுப்பினார். ஒன்றில் நீச்சல் குளமும், ஒன்றன்மேல் ஒன்றாக ஆடுகளங்களும். மற்றதில் மாடிப்படி, உடைமாற்றும் அறைகள். இரண்டையும் ஓடைக்கு மேலாக, வானத்தில், எட்டு கான்கிரீட் நடைபாலங்களால் இணைத்தார். ஆடுகளக் கோபுரத்தின் சன்னல்கள் குகை வாய் போல ஒழுங்கற்ற ஓட்டைகள். கண்ணாடி இல்லை, சிவப்பு மரக் கிராதி மட்டும். குளிர்சாதனத்தை அவர் வெறுத்தார். நான்கு ஆடுகளங்களுக்கும் நான்கு பருவங்களின் பெயர். கவனிக்க வேண்டியது, அந்த ஆடுகளங்கள் போட்டி விதிகளின் அளவுக்குக் கட்டப்பட்டவை அல்ல. பதக்கம் வெல்ல வேறு இடத்துக்குப் போகலாம். இது மழையில் பந்து உதைத்த பையன்களுக்கு. ஓடையின் மேல் கட்டக்கூடாத அந்த நீண்ட பட்டையில் மரப்பலகை பாவினார்கள். கோடையில் மக்கள் துண்டு விரித்து வெயில் காய்கிறார்கள். கடலில்லாத ஊருக்கு ஒரு கடற்கரை.

ஆலைப் பகுதி 1982இல் திறந்தது. கோபுரங்கள் 1986இல் முடிந்தன. ஆலைப் பகுதி திறந்த சில மாதங்களிலேயே ஒரு சோதனை வந்தது. 1982 நவம்பர் 27, 28 தேதிகளில் சாவோ பாலோவின் பங்க் இசைக்குழுக்கள் அங்கே ஒரு விழா எடுத்தன. அதன் பெயர் 'உலக முடிவின் தொடக்கம்'. இருபது குழுக்கள். பலர் கார் ஆலைகள் சூழ்ந்த தெற்குப் புறநகர்களிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் புறநகர்களில்தான் சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்சங்கத் தலைவர் லூலாவின் தலைமையில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆட்சியில் இருந்தது ராணுவம். தோல் சட்டையும் சங்கிலியுமாக வந்த கூட்டத்தைக் கண்டு அக்கம்பக்கம் மிரண்டது, இரண்டாம் நாள் போலீஸ் உள்ளே புகுந்தது. செஸ்க் அதற்காகத் தெருக்கதவைச் சாத்திவிடவில்லை. அடுத்த ஆண்டு அதே அரங்கிலிருந்து 'ஒலி ஆலை' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிப்பதிவானது. புதிய இசைக்குழுக்கள் பலவற்றை நாடு பார்த்தது அதில்தான். அதே காலத்தில் பொதுக்கூடத்தில் பிரேசில் குழந்தைகளுக்கான ஆயிரம் பொம்மைகள் என்ற கண்காட்சியும் நடந்தது. பங்க் பையனும் பொம்மை பார்க்க வந்த பாட்டியும் ஒரே தெருவில் நடந்தார்கள்.

4. சம்பளப் பட்டியலில் ஒன்றரைச் சதவீதம்

இதுவரை சொன்னதில் மயங்கிப்போய் லீனாவைப் போல ஒருவரைத் தேடிப் புறப்பட்டால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும். பொம்பேயாவைத் தாங்குவது ஒரு சட்டம். பிரேசிலின் வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளச் செலவில் 1.5 சதவீதத்தைச் செஸ்க்குக்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். அரசு வரவுசெலவுத் திட்டத்தில் கலைக்கு ஒதுக்கியது போக மிச்சம், மீதி என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்கொடையாளரின் பெயரை வாசலில் பொறிக்க வேண்டியதில்லை. தெருக்கதவு திறந்திருப்பதற்கும், தூங்குபவரை எழுப்பாமல் விடுவதற்கும் இந்த ஒன்றரைச் சதவீதமே காரணம்.

இதிலும் ஓட்டை உண்டு. செஸ்க்கை நடத்துவது வணிகர் கூட்டமைப்புகள். பந்து விளையாடிய பையன்களுக்கு அந்த ஆலையில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. சட்டம் மாறினால் எல்லாம் மாறும். அந்த நிதியில் ஒரு பங்கை வேறு காரியங்களுக்குத் திருப்பும் முயற்சிகள் அண்மைக் காலத்திலும் நடந்தன. 2015இல் பொம்பேயா தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது கட்டடத்தைக் காக்கும். புழக்கத்தைக் காக்க அப்படி ஒரு பட்டியல் எங்கும் இல்லை.

ஹெல்சிங்கி வேறு வழியில் போனது. அங்கே நோக்கியாவின் கம்பிவட ஆலை. நோக்கியா கைப்பேசிக்கு முன்பு வடம் செய்தது என்பதைப் பலர் மறந்திருப்போம். கடலுக்கு அடியில் போடும் நீண்ட வடங்களைச் செய்யக் கட்டிய அந்தப் பெருங்கூடம் இன்று நிகழ்ச்சிக் கூடமாக இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் நிறுவனம் வெளியேறத் தொடங்கியபோது, காலியான அறைகளை ஓவியர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் குறைந்த வாடகைக்கு விட்டது. பிறகு நகராட்சி தன் திட்டத்தோடு வந்தது: ஒரு பகுதியை இடிப்பது, மிச்சத்தைக் கூறுபோட்டு வேறு வேறு பயன்களுக்குக் கொடுப்பது. வாடகைக்கு இருந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். எதிர்ப்பு மனுவோடு நிற்காமல், முழுக் கட்டடத்தையும் ஒன்றாக வைத்திருந்தால் கணக்கு எப்படி வரும் என்று மாற்றுத் திட்டத்தையே போட்டுக் காட்டினார்கள். 1991இல் நகராட்சி இறங்கிவந்து, ஆலையை நடத்தத் தனக்குச் சொந்தமான ஒரு சொத்து நிறுவனத்தை அமைத்தது. ஆலை தன் வாடகை வருமானத்திலேயே நடக்கிறது. நடனப் பள்ளி, அருங்காட்சியகங்கள், வானொலி, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என்று ஒன்றின் வாடகை இன்னொன்றைத் தாங்குகிறது. 2022இல் அதன் முற்றத்தில் ஒரு நடன அரங்கமும் எழுந்தது.

பெய்ஜிங்கில் நடந்ததைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1995இல் நடுவண் நுண்கலைக் கழகத்தின் சிற்பத் துறை இடம் போதாமல் அங்கே வந்தது. பின்னாலேயே ஓவியர்கள் வந்தார்கள், ஊர் பேசியது, இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது, வாடகை ஏறியது, ஓவியர்கள் போனார்கள். ஆலையைக் காப்பாற்றியவர்களே அங்கே இருக்க முடியாமல் போனார்கள்.

சிங்கப்பூரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆர்மேனியன் தெருவில், 1920களில் கட்டப்பட்டு, பின்னர் பயனற்றுப் போன ஒரு துணை மின்நிலையம். நாடக ஆசிரியர் குவோ பாவ் குன், அதைக் கலைகளின் வீடாக்கலாம் என்று 1980களில் யோசனை சொன்னார். 1976 முதல் 1980 வரை விசாரணையின்றிச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர். 1988இல் அவர் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தில் ஒரு காட்சி: ஹொக்கியன் மட்டுமே தெரிந்த சீன மூதாட்டியும் தமிழ் மட்டுமே தெரிந்த முதியவரும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமலே தத்தம் பூனைகளைப் பற்றிப் பேசி நண்பர்களாகிறார்கள். சப்ஸ்டேஷன் என்ற பெயரிலேயே 1990இல் திறந்த அந்த வீடும் அப்படித்தான் இருந்தது. சிறிய கருப்பறை அரங்கம், காட்சிக்கூடம், பின்னால் ஒரு தோட்டம். தோட்டத்தில் ராக் இசை, அரங்கத்தில் கவிதை. தகுதியான தோல்வி ஒன்று நடுத்தரமான வெற்றியைவிட மேல் என்பது குவோவின் கொள்கை. முதல் நாடகம் போடுபவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது அதனால்தான்.

பணம் போதவில்லை. 2000களில் தோட்டத்தை ஓர் உணவு விடுதிக்கு வாடகைக்கு விட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் சரியான முடிவு. ஆனால் சும்மா வந்து உட்காரும் இடம் போய்விட்டது. கட்டடமோ அரசுடையது. 2021இல் புதுப்பிப்புக்காகக் காலி செய்யச் சொன்னபோது, திரும்பி வரலாம், ஆனால் பல வாடகைதாரரில் ஒருவராக வரலாம், முழுக் கட்டடத்தின் நிர்வாகம் கிடையாது என்று அரசின் தேசியக் கலை மன்றம் கூறிவிட்டது. சப்ஸ்டேஷன் குழு வெளியேற முடிவு செய்தது. முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள கலைஞர்கள் ஜூலையில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டடம் பத்திரமாக இருக்கிறது.

5. இடைக்காலம்

பொம்பேயாவையும் ஹெல்சிங்கியையும் அருகருகே வைத்தால் ஒரு பொதுக்கூறு தெரியும். இரண்டிலும், ஆலை மூடியதற்கும் திட்டம் உருவானதற்கும் இடையே சில ஆண்டுகள் கொட்டகைகள் மலிவாகவோ இலவசமாகவோ திறந்து கிடந்தன. அந்த ஆண்டுகளை நிர்வாகிகள் வீணான காலமாகவே எழுதுவார்கள். உண்மையில் வடிவமைப்பு நடந்தது அப்போதுதான். எந்தக் கொட்டகையில் எதிரொலி குறைவு, எந்த வாசல் வழியே பெண்கள் தயங்காமல் வருகிறார்கள், எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்பதையெல்லாம் புழங்கியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். லீனா அதைப் படித்தார். ஹெல்சிங்கியில் அதைக் கற்றவர்களே சங்கம் வைத்தார்கள்.

நம் ஊரில் இந்த இடைக்காலத்துக்கு இடமே இல்லை. ஆலை பூட்டப்படுகிறது, வழக்கு நடக்கிறது, காவலாளி நிற்கிறார், கூரை விழுகிறது, ஒரு நாள் ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள். நடுவில் யாரையும் உள்ளே விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். அதற்கு மருந்து உண்டு: பதினோரு மாத உரிம ஒப்பந்தம் நம் வீட்டு உரிமையாளர்கள் அத்தனை பேருக்கும் அத்துப்படி. அதைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல், பதிவு பெற்ற ஒரு சங்கத்துக்குக் கொடுக்கலாம்.

செலவும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. முழுக் கட்டடத்தையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு கொட்டகை போதும். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் உத்தரம் உத்தரமாகப் பார்த்து, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று தரையில் வண்ணக்கோடு போட வேண்டும். பழைய மின்கம்பிகளை முழுதாகத் துண்டித்துவிட்டுப் புதிதாக ஒரே ஒரு இணைப்பு. எதிரெதிர்த் திசையில் திறக்கும் இரண்டு அகலமான கதவுகள், தீயணைப்பு வண்டி நுழைய வழி. பூட்டும் விளக்கும் உள்ள கழிப்பறை. பெண்கள் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது. கூரை கல்நார்த் தகடாக இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போட முடியாது. உடைந்த தகட்டிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலில் தங்கிவிடும் என்பதால், முறையான பாதுகாப்போடு அகற்றிய பிறகுதான் குழந்தைகளை உள்ளே விட வேண்டும். அந்த ஒரு வேலைக்குக் காசை எண்ணிப் பார்க்கக்கூடாது. மற்றதையெல்லாம் திறந்துவிட்டு, சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்.